கலவரம் நடக்காத தேர்தல்

1

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் போய் உட்கார்ந்தேன். ஜெர்மனியில் தேர்தல் வேலைக்கு அரசாங்க ஊழியர்களை மட்டும் கூப்பிடுவதில்லை. ஓட்டுரிமை உள்ள யாருக்கு வேண்டுமானாலும் நகராட்சியிலிருந்து கடிதம் வரும். குடியுரிமைக்கு என்னை வருடக்கணக்கில் அலையவிட்டவர்கள் இந்த வேலைக்கு மட்டும் ஒரே கடிதத்தில் கூப்பிட்டுவிட்டார்கள்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. வருகிறவரின் பெயரைப் பார்த்துக் கோடு போட்டுவிட்டு வாக்குச்சீட்டைக் கொடுக்க வேண்டும். அதிலும் குட்டுப்பட்டேன். கைத்தடி ஊன்றி வந்த ஒரு வயதான அம்மாளைப் பார்த்ததும் எழுந்துபோய், கையைப் பிடித்து மறைப்பு வரைக்கும் கூட்டிப்போனேன். நம் ஊரில் அப்படிச் செய்யாவிட்டால்தான் தப்பு. சாவடித் தலைவன் என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பையன். என்னைத் தனியே அழைத்து, "தயவுசெய்து வாக்காளரைத் தொடாதீர்கள். நீங்கள் அவரைக் கூட்டி வந்ததுபோலத் தெரியும்" என்றான். எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்த அம்மாளும் நான் தொட்ட முழங்கையைத் தடவிக்கொண்டேதான் போனாள்.

பக்கத்து நாற்காலியில் ஹில்டா. தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்றவள். அந்த வாரம் எங்கோ ஒரு கடைத்தெருவில் ஒருவன் கத்தியால் ஆட்களைக் குத்திய செய்தி ஓடிக்கொண்டிருந்தது. குத்தியவனின் பெயர் வெளியே வருவதற்கு முன்பே அவனுடைய மதம் என்னவென்று எல்லோரும் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஹில்டா குரலைத் தாழ்த்தி, "உங்கள் நாட்டிலும் மதத்துக்காக வெட்டிக்கொள்கிறார்களாமே?" என்று கேட்டாள்.

"நாட்டில் நடக்கிறது. எங்கள் ஊரில் அதற்கு மதம் தேவைப்படவில்லை" என்றேன்.

அவள் காபியை ஊற்றிக்கொண்டே, "எங்களுக்கும்தான் தேவைப்படவில்லை. போர்க்காலத்தில் என் அப்பா சீருடை போட்டிருந்தார். அவர்களிடம் கொள்கை இருந்தது" என்றாள். பிறகு அடுத்து வந்தவரின் பெயரைப் பட்டியலில் தேடத் தொடங்கினாள்.

2

எங்கள் ஊர் போடிப் பக்கம், சிலமலைக்கும் ராசிங்காபுரத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பெயர் வேண்டாம். சொன்னால் என் தங்கைக்குத்தான் இன்னும் தொல்லை. ஊருக்கு ஒரே சாமி, காளியம்மன். பெரும்பாலும் ஒரே சாதி, சொந்தபந்தம். கிழக்கே ஓடையைத் தாண்டினால் காலனி. மசூதியும் இல்லை, சர்ச்சும் இல்லை. மதச்சண்டை போட வேண்டுமென்றால் வெளியூரிலிருந்துதான் ஆள் கொண்டுவர வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரில்தான் என் பெரியப்பா மகன் தங்கராசு அண்ணனை வெட்டிக் கொன்றார்கள். நான் போடியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் அண்ணன் தரப்பு ஜெயித்தது. கொட்டு மேளத்தோடு ஊர்வலம் போனார்கள். தோற்றவர் வீட்டு வாசலில் மேளம் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்று அடித்தது. அவ்வளவுதான். வீட்டுக்குள்ளிருந்து அரிவாளோடு வந்தவன் அண்ணனுக்கு மாமன் மகன். அண்ணன் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன்.

இரண்டு வீட்டுக் கூடத்திலும் ஒரே தலைவரின் படம்தான் பிளாஸ்டிக் மாலையோடு தொங்கியது. கட்சி உடைந்தபோது ஆளுக்கொரு பக்கம் போனார்கள், படத்தை மட்டும் யாரும் கழற்றவில்லை. உங்கள் கொள்கை என்னவென்று கேட்டால் இரண்டு தரப்பும் கொடியின் நிறத்தைத்தான் சொல்லும். ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது எனக்கு அழுகையைவிட அருவருப்புதான் அதிகமாக இருந்தது. எதற்காகச் செத்தார் என்று பெரியம்மாவுக்குச் சொல்ல எங்களில் யாருக்கும் ஒரு காரணம் கிடைக்கவில்லை. சாமிக்காகச் செத்தார் என்றாவது இருந்திருந்தால் ஒரு கல் நட்டுக் கும்பிட்டிருப்பாள்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இனிமேல் ஊருக்குள் தேர்தலே வேண்டாம். பதவியைக் கோயிலில் வைத்து ஏலம் விடுவது. எடுத்தவர் பணம் திருவிழாவுக்கு. மற்றவர்கள் வீட்டுக்கொரு ஆண், அம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, "எங்க வீட்டுலருந்து யாரும் மனுப்போட மாட்டோம்" என்று சத்தியம் செய்ய வேண்டும். ஒரே மனு, போட்டியில்லாமல் அன்னபோஸ்ட். ஓட்டுப்பெட்டி ஊருக்குள் வரவே வராது.

சட்டப்படி இது குற்றம் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதன் பிறகு ஊரில் ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. வெட்டுக்குக் காரணம் ஜனநாயகம், அதை நிறுத்தியது சாமி. இங்கே யாராவது மதத்தைப் பழித்துப் பேசும்போது நான் இந்தக் கதையைச் சொல்லித்தான் வாயடைப்பேன்.

3

என் தங்கை பாண்டியம்மாள் போடி மெட்டுக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவள். அவள் புருசன் ராசு சொந்தமாக ஜீப் வைத்து ஆள் ஏற்றுகிறான். விடியுமுன்பே பெண்களை அள்ளிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள் மாலையில்தான் இறங்கும். எங்கள் ஊரில் பாதிப் பெண்களின் பிழைப்பு அந்த மலைதான்.

ஊரில் குழாய்த் தண்ணீர் காலை ஏழு மணிக்குத் திறப்பார்கள். மலைக்குப் போகும் பெண்கள் அந்நேரம் மெட்டைத் தாண்டியிருப்பார்கள். மாலையில் திரும்பி வந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து மோட்டார்களைத் தேடி அலைய வேண்டும். தண்ணீரை விடியுமுன் திறந்துவிடச் சொல்லித் தங்கை எத்தனையோ தடவை பஞ்சாயத்து ஆபீசுக்கு நடந்தாள். மோட்டார் போடுகிறவன் அந்நேரம் எழுந்திருக்க மாட்டான் என்பதுதான் பதில்.

"அண்ணே, அவுக எங்களக் கண்டு எதுக்குப் பயப்படணும்? பதவிய ஏலத்துல எடுத்துருக்காக. எங்க ஓட்டு அவுகளுக்கு எதுக்கு?" என்று சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் போனில் சொன்னாள். தொடர்ந்து, "இந்தத் தடவ பொம்பளைகளுக்கு ஒதுக்கிட்டாக. நான் நிக்கப் போறேன்" என்றாள்.

தங்கராசு அண்ணன் பெயரைச் சொன்னேன். திட்டினேன், கெஞ்சினேன். வேண்டிய தண்ணீருக்கு நானே போர் போட்டுத் தருகிறேன் என்றேன்.

"ஓன் தங்கச்சி வீட்டுக்கு மட்டும் போர் போடுவ. ஜீப்புல வர்ற மத்தவளுக?" என்று கேட்டாள். காலனிப் பெண்களும் அதே ஜீப்பில்தான் வருகிறார்கள். இத்தனை ஏலம் நடந்தும் அவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பெருமையாகச் சொல்லித் திரிந்த அந்த அமைதிக்குள் அவர்கள் இல்லவே இல்லை.

4

அந்தப் பேச்சுக்கு அடுத்த ஞாயிறு சின்னச்சாமி மாமா கூப்பிட்டார். கோயில் நிர்வாகம் அவர் கையில்தான். ஏலம் விடுவதும் அவர்தான். நல்ல மனிதர், நான் வெளிநாடு கிளம்பியபோது போடி வரை வந்து பஸ்சு ஏற்றிவிட்டவர்.

"மாப்ளே, நல்லாருக்கியா? புள்ள நல்லாருக்கா? அங்க குளிரு எப்படி?" என்றெல்லாம் விசாரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். "தங்கச்சிட்ட எடுத்துச் சொல்லுப்பா. ஊரு ஒத்துமையா இருக்கு. ஒரு பொட்டச்சி பேச்சக் கேட்டு மறுபடியும் அருவாளத் தூக்க வேண்டாம். நாளப்பின்ன ஏதாச்சும் ஆச்சுன்னா மாமா சொல்லலையேன்னு நெனைக்காத."

அதில் மிரட்டல் ஒரு துளிகூட இல்லை. உண்மையிலேயே வருத்தத்தோடுதான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

என் மகள் மீனாவுக்குப் பதினாறு வயது. அந்த வாரம் அவளுக்குப் பள்ளியில் நீதிநெறி வகுப்பில் ஒரு கட்டுரை. வன்முறைக்குக் காரணம் மதமா, கொள்கையா? நான் போனில் கத்துவதைக் கேட்டுவிட்டு வந்து, அரைத் தமிழில், "அப்பா, அத்தை ஊர் எந்தப் பக்கம் வரும்?" என்று கேட்டாள். இரண்டு பக்கமும் வராது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தவள், குலச்சண்டை என்று பொருள்படும் ஒரு ஜெர்மன் சொல்லை எழுதிக்கொண்டாள். காட்டில் ஈட்டியோடு அலைகிறவர்களைச் சொல்லும் சொல் அது. எனக்குச் சுருக்கென்றது. அவளைத் திட்டவும் முடியவில்லை, அதற்குப் பதிலாக என்ன எழுத வேண்டும் என்று சொல்லவும் தெரியவில்லை. அத்தையை அவள் பார்த்ததே இரண்டு விடுமுறையில்தான்.

5

ஏலத்துக்குப் பெண்கள் போகக்கூடாது. பெண்களுக்கான பதவியைத் தங்கள் பெண்டாட்டிமார்களுக்காக ஆண்கள் கேட்டார்கள். எடுத்தவர் பெரிய தோட்டக்காரர். அவர் சம்சாரத்துக்கு அன்று கோயிலில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஏலம் முடிந்து சத்தியம் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டு ஆணாக வந்து சூடத்தை அடித்தார்கள். ராசு கடைசியில் நின்றான். தன் முறை வந்தால் என்ன செய்வதென்று அவன் யோசித்திருக்கவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சின்னச்சாமி மாமா மட்டும் பார்க்கவில்லை, தட்டில் புதிதாக ஒரு சூடத்தை வைத்து ஏற்றினார். ராசு போய் அடித்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து உள்ளங்கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். தங்கை சோறு போட்டாள். அவன் சாப்பிடவில்லை.

"நம்ம வீட்டுக்கும் சேத்து சத்தியம் பண்ணிட்டேன், பாண்டி" என்றான்.

"சூடத்த அடிச்சது நீங்க. என்னைய யாரும் கேக்கல. அம்மனுக்கு என்னையத் தெரியும், நான் பேசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் தனியாகப் பஸ்சில் போய் மனுப்போட்டுவிட்டாள். சின்னம் பூட்டு சாவி. மூன்றாம் நாளிலிருந்து ராசுவின் ஜீப்பில் ஆண்கள் யாரும் ஏறவில்லை. பெண்கள் மட்டும் ஏறினார்கள்.

வாக்குப்பதிவு வரைக்கும் நான் தூங்கியது குறைவு. போன் அடித்தால் எடுக்கப் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். மீனா ஒரு நாள், "அத்தையை ஏலத்தில் வாங்கிவிட்டார்களா?" என்று கேட்டாள். சிரித்திருக்க வேண்டிய கேள்விதான். நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன்.

6

அரிவாளை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தோம். வந்தது ஜீப்.

தேர்தல் நாள் தமிழ்நாட்டுக்கு விடுமுறை. ஆனால் ஏலத்தோட்டங்கள் கேரளத்தில் இருக்கின்றன, அங்கே அன்று வழக்கமான வேலை நாள். அதிலும் அன்று வருகிறவர்களுக்கு மட்டும் கூலிக்கு மேல் கொஞ்சம் பணம் உண்டு என்று மற்ற ஜீப்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மணிக்கெல்லாம் இறக்கிவிட்டுவிடுகிறோம், சாவடி மூட ஐந்து மணி ஆகும், நிதானமாகப் போடலாம் என்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவு இருக்கும் வீடுகள். பெண்கள் ஏறினார்கள். நானாக இருந்தாலும் ஏறியிருப்பேன்.

தங்கை வேட்பாளர் என்பதால் கீழேயே இருந்தாள், ராசுவும் அன்று வண்டி எடுக்கவில்லை. மூன்று மணி தாண்டியும் ஒரு ஜீப்பும் இறங்கவில்லை. ஓட்டுநர்கள் போனை எடுக்கவில்லை. மேலே தோட்டத்திலிருந்து ஒரு பெண் மட்டும் எப்படியோ பேசினாள்.

"மொத ஜீப்பு பஞ்சருன்றான். மத்தவன் அது பின்னால நிக்கிறேன்றான். டிரைவருக உக்காந்து சீட்டு வெளையாடுறானுக, அக்கா. நாங்க நடந்து வந்தா இருட்டிப்போகும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ராசு சாவியை எடுத்தான். சத்தியத்தை மீறினால் கண் போய்விடும் என்று உண்மையாகவே நம்புகிறவன் அவன். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினானாம். ஏற முடிந்தவர்களையெல்லாம் ஏற்றினான். பின்னால் தொங்கிக்கொண்டும் வந்திருக்கிறார்கள். இறங்கும்போது வழியில் போலீஸ்காரர்கள் நிறுத்தி, ஆள் அதிகம் என்று கணக்குக் கேட்டார்கள். தினமும் அதே அளவு ஆளோடு அதே ரோட்டில் போகிற ஜீப்புதான் அது.

ஊருக்குள் வந்தபோது சாவடிக் கதவைச் சாத்திவிட்டார்கள். உள்ளே இருந்த அலுவலர் நேர்மையானவர், அதில் சந்தேகமே இல்லை. ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான் என்றார். பெண்கள் காய்ப்பையோடு, தலையில் கட்டிய துண்டோடு, கதவுக்கு வெளியே நின்றார்கள். யாரும் கூச்சல் போடவில்லை. ஒருத்தி மட்டும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எண்ணி முடித்ததும் தங்கை எனக்குப் போன் செய்தாள். "ஒரு ஜீப்பு ஆளுக வித்தியாசம்ண்ணே. ராசு கூட்டியாந்த அந்த ஒரு லோட உள்ள விட்டிருந்தாப் போதும்" என்றாள். நான் முதலில் கேட்டது, உனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றுதான். அவள் போனை வைத்துவிட்டாள்.

7

நான் விடவில்லை. ஜெர்மனியில் இருந்தால் இப்படி ஒரு வியாதி வந்துவிடும், எதற்கும் மனுப்போடலாம் என்று தோன்றும். சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன் மேல் போன் செய்தேன். மூன்று மேசை தாண்டி ஒருவர் பொறுமையாகக் கேட்டார்.

"பெட்டிய ஒடைச்சாங்களா சார்?"

"இல்லை."

"கள்ள ஓட்டு?"

"இல்லை."

"அடிதடி, கல்லெறி, கலவரம் ஏதாச்சும்?"

"எதுவும் இல்லை."

"ஜீப்பு பஞ்சரானதுக்கு மறுதேர்தல் எப்படி சார் வைக்க முடியும்? கலவரம் நடந்திருந்தா நீங்க கேக்குறதுல ஞாயம் இருக்கு" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். யாராவது ஒருவர் செத்திருந்தால் எங்கள் ஊருக்கு மறுதேர்தல் வந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாததால் தேர்தல் செல்லும். சின்னச்சாமி மாமாவும் அதையேதான் சொன்னார். "பாத்தியா மாப்ளே, ஒரு கல்லு விழல. மாமா இருக்கேன்ல?"

மீனாவின் கட்டுரைக்கு நல்ல மதிப்பெண். மதம் பாதி, கொள்கை பாதி என்று முடித்திருக்கிறாள். அதில் ஜீப் எங்கே வரும் என்று நான் கேட்டேன். "அது வன்முறை இல்லையே அப்பா, போக்குவரத்து" என்றாள். அவள் கேலி செய்யவில்லை. அவளுக்கு அது அப்படித்தான் தெரிகிறது.

மதமும் கொள்கையும் சாக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேலே உட்கார்ந்தவனுக்கு இறங்க மனம் வருவதில்லை. கையில் கிடைப்பதை எடுத்துக்கொள்கிறான். அரிவாள் கிடைத்த காலத்தில் அரிவாள், சூடம் கிடைத்தபோது சூடம், இப்போது பஞ்சர். ஜனநாயகத்துக்கு மதிப்பு உண்டா என்று இங்கே நண்பர்கள் வீட்டு விருந்துகளில் விவாதிக்கிறார்கள். முப்பது நாற்பது கூலிக்காரப் பெண்கள் ஒரு காகிதத்தில் முத்திரை குத்துவதைத் தடுக்க எங்கள் ஊரில் இத்தனை பேர் இத்தனை பாடுபட்டார்களே, மதிப்பில்லாத பொருளுக்கா அவ்வளவும்?

8

இங்கே வாக்குச்சாவடி வேலைக்கு மறுநாள், திங்கள் காலை, தங்கை கூப்பிட்டாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். தோட்டத்தில் மேட்டில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். அன்று போனை வைத்த பிறகு அவளே கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

ராசுவின் ஜீப் வாசலிலேயே நிற்கிறது. அதில் ஏறுகிற பெண்ணுக்குத் தோட்டத்தில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். ராசு மலைக்கு மேலே பூப்பாறைப் பக்கம் ஒரு முதலாளிக்கு வண்டி ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒருமுறை வருகிறான். கண் நன்றாகத்தான் தெரிகிறதாம். மற்ற ஜீப்புகள் அவளை ஏற்றுவதில்லை. கவர்மெண்டு பஸ்சில் மெட்டில் இறங்கி, தோட்டத்துக்கு நடக்கிறாள். தண்ணீர் ஏழு மணிக்குத்தான்.

"மீனா சொன்னா, நேத்து ஓட்டுப் போடுற சோலியாமே ஒனக்கு?" என்று கேட்டாள்.

"ஆமா. பேரப் பாத்துச் சீட்டுக் குடுக்கிற வேல."

"அங்க ஆளுகள யாரு கூட்டியாராக?"

"யாரும் இல்லம்மா. அவுகளா வர்றாக."

"எதுல?"

"நடந்துதான். பக்கம்தான். ஞாயித்துக்கெழம, சாப்ட்டுட்டு நாயையும் பிடிச்சுக்கிட்டு வர்றாக."

"வாசல்ல யாரும் நிக்க மாட்டாகளா? எந்த வீட்டுலருந்து யாரு வந்தான்னு பாக்க?"

"மாட்டாக."

"போட்டுட்டு?"

"போட்டுட்டு வீட்டுக்குப் போறாக."

"நடந்தேவா?"

"நடந்தே."

காற்று அடிக்கும் சத்தமும், தூரத்தில் யாரோ பெண்களைச் சாப்பாட்டிலிருந்து எழுப்பி அதட்டும் சத்தமும் கேட்டன. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து நான் இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இருக்கேண்ணே" என்றாள். "இன்னொருக்காச் சொல்லு. வீட்டுலருந்து கெளம்புறதுலருந்து சொல்லு."